வாசலில் போட்ட நாற்காலிகள்

பவானேஸ்வரி என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அவள் கணவன் கணேசமூர்த்தி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான். "ஆர்மி லா. ஆனா துப்பாக்கிக்குப் பதிலா கேமரா." புக்கிட் பெருவாங்கில் அவன் நடத்தும் டயர் கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்காகச் சொன்னாலும் அதில் பொய் இல்லை. மலாக்காவுக்கு வெளியே உள்ள ஒரு ராணுவ முகாமில், பொதுத் தொடர்புப் பிரிவில் அவள் ஸ்டாஃப் சார்ஜண்ட். முகாமில் நடப்பதை ஊருக்குச் சொல்வது அந்தப் பிரிவின் வேலை. படம் எடுக்க வேண்டும், செய்தி எழுத வேண்டும், பத்திரிகைக்காரர்கள் போன் அடித்தால் பதில் சொல்ல வேண்டும், முகநூல் பக்கத்தில் எதைப் போடுவது எதைப் போடக் கூடாது என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைச் செய்கிறாள். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் 'ஸ்டாஃப்'தான்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, பிரிவின் தலைவர் மேஜர் ரோஸ்லான் அவளை அழைத்தார். நாடு முழுவதும் உள்ள முகாம்களிலிருந்து இதே வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடித் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். இந்த வருடம் மலாக்காவில் கூடுகிறார்கள். ஒவ்வொரு முகாமுக்கும் இருபது நிமிடம்.

"நம்ம பக்கம் நீங்க பேசுங்க ஸ்டாஃப்" என்றார் மேஜர் மலாயில். "வெள்ளத்துப் படத்தைக் காட்டுங்க. அதைவிட நல்லது நம்மகிட்ட எது இருக்கு? வாரண்ட் ஆபீசர் பதவிக்கு இந்த வருஷம் உங்க பேரும் போயிருக்கு. மேலே இருந்து கர்னல் வருவார். பார்க்கட்டுமே."

அவள் சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்து மரத்தடியில் நின்ற தன் மோட்டார் சைக்கிள் மீது சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் நின்றாள்.

அந்தப் பகிர்வுக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகிர்வு என்று பெயர் இருந்தாலும், வருகிறவர்கள் தங்கள் வெற்றியை மட்டுமே மடித்து எடுத்து வருவார்கள். எங்கள் படத்தை இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், எங்கள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள் என்று சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள், நாசி லெமாக் சாப்பிட்ட மயக்கத்தில் சிலர் கண்ணயர்வார்கள். கல்யாண வீட்டில் குழம்பு கரிந்ததை யார் வந்து சொல்வார்கள்? பவானேஸ்வரியும் எட்டுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் தான் செய்த தவறைச் சொல்லிக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மேஜர் சொன்ன வெள்ளத்துப் படம் போன ஜனவரியில் வந்தது.

ஜொகூர் எல்லைப் பக்கம் வெள்ளம். மீட்பு வேலைக்குப் போன முகாமின் லாரி ஒன்று தண்ணீரில் ரோடு தெரியாமல் கால்வாயில் சரிந்தது. ஐந்து பேருக்கு அடி. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள், ஐந்து வீரர்கள் செத்துப்போனார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. முகாமின் போன் ஓயாமல் அடித்தது. எதையாவது உடனே போட்டாக வேண்டும் என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மேலே கிடப்பவன் லான்ஸ் கோப்ரல் கவிநேசன். கால் எலும்பு முறிந்திருந்தது. பவானேஸ்வரி விதிப்படி எல்லாம் செய்தாள். அவன் முகத்தை மங்கலாக்கினாள். நெஞ்சில் இருந்த பெயர்ப் பட்டையை மங்கலாக்கினாள். லாரியின் நம்பரையும் விடவில்லை. 'காயமுற்ற ஐவரும் நலமாகச் சிகிச்சை பெறுகின்றனர்' என்று கீழே எழுதினாள். மேஜர் பார்த்துச் சரி என்றார். நாலே முக்காலுக்குப் படம் போனது. வதந்தி அடங்கியது. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது.

ஆனால் அந்த நேரத்தில் கவிநேசன் வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது இறந்துபோன அப்பாவின் போன் நம்பர். அது அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் ஆறரை மணிக்கு, தமிழ் தெரிந்தவள் என்று பவானேஸ்வரியையே வண்டியில் ஏற்றி பாயா ரும்புட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் போய் இறங்கியபோது அந்த வரிசை வீட்டின் வாசல் கழுவி ஈரமாக இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாகப் போட்டுக் கிடந்தன. ஏதோ பூசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கவிநேசனின் அம்மா இருசம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்க மகனுக்கு ஒண்ணுமில்ல. கால்ல அடி. உயிரோட இருக்கான், பேசுறான். வாங்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

இருசம்மாள் எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் வண்டியில் போகும்போது தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். கோயில் பெண்கள் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். படம் மட்டும்தான் இருந்தது. பவானேஸ்வரி கீழே எழுதிய வரி எங்கோ வழியில் உதிர்ந்து போயிருந்தது.

"பாரும்மா, கையப் பாரு. இந்தச் செவப்புக் கயிறு நான் சன்னாசிமலைக் கோயில்ல வேண்டிக் கட்டுனது. அதுல தொங்குது பாரு, வெள்ளி மணி. அவன் கொழந்தையா இருக்கறப்ப அரைஞாண்ல கெடந்தது. எந்தப் பாவி பேப்பர்காரன் இதப் போட்டான்னு தெரியல. அவன் வீட்ல புள்ள இல்லயா?"

பவானேஸ்வரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் போட்டது தான்தான் என்று சொல்லவில்லை. வழக்கமாக முழுக்கைச் சட்டை அந்தக் கயிற்றை மறைத்திருக்கும். ஊசி போடுவதற்காகச் சட்டைக் கையை வெட்டியிருந்தார்கள். முகத்தையும் பெயரையும் தேடித் தேடி மறைத்த அவள் கண்ணுக்கு, தொங்கிய அந்தக் கை படவே இல்லை.

அதன் பிறகு இருசம்மாளுக்கு அவள் சொந்தப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்க்கும் அந்த அம்மா மாதம் ஒருமுறை கூப்பிட்டு அனுப்புவார். போனால் சாப்பிடாமல் விடமாட்டார். திரும்பும்போது ஒரு பை முறுக்கு கையில் இருக்கும். "நீ வந்து சொல்லலேன்னா அன்னிக்கு என் உயிர் போயிருக்கும்" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு அவள் தொண்டையில் இறங்க மாட்டேன் என்று நிற்கும். தனக்குச் சேராத நன்றியை வாங்கி வைத்துக்கொள்வது, கோயில் உண்டியலில் போட வேண்டியதைத் தன் இடுப்பில் முடிந்துகொள்வது போலத்தான். யாருக்கும் தெரியாது. ஆனால் நடக்கும்போதெல்லாம் உறுத்தும்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் மேஜர் அழைத்துச் சொன்ன நாலாம் நாள் ஒரு செய்தி வந்தது. கிழக்குக் கரை முகாம் ஒன்றின் இளம் பெண் அதிகாரி, லெப்டினன்ட் ஹனிஸ், மலாயில் எழுதியிருந்தார். 'ஸ்டாஃப், உங்கள் வெள்ளப் படத்தைப் பார்த்து நாங்கள் ஒரு புது நடைமுறை எழுதியிருக்கிறோம். காயம்பட்டவர் முகம், பெயர் இரண்டையும் மறைத்துவிட்டு உடனே வெளியிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. இதற்கு மலாக்கா முறை என்று பெயர் வைத்திருக்கிறோம். கூட்டத்தில் நீங்கள் பேசிய பிறகு எல்லா முகாம்களுக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறோம்.'

பவானேஸ்வரி அதை மூன்று முறை படித்தாள். இரவு சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவளைக் கணேசமூர்த்தி பார்த்தான்.

"என்ன, சாம்பார்ல உப்பு இல்லயா? நான் வச்சதுனா மட்டும் உனக்கு மூஞ்சி இப்படிப் போவுது."

"சாம்பார் நல்லாத்தாங்க இருக்கு." போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் படித்துவிட்டு விசில் அடித்தான். "அலாமாக்! ஒன் பேருல ஒரு முறையே வந்துடுச்சு. எனக்கு இவ்ளோ வருஷமா டயர் மாத்தி ஒரு சந்துக்குக்கூட பேர் வைக்கல."

"வெளையாடாதீங்க. அது தப்பான முறைங்க. அடுத்த வெள்ளத்துல இன்னொரு அம்மா இப்படித்தான் பார்ப்பாங்க."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். நடந்ததை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "அப்ப சொல்லிடேன் லா."

"சொன்னா பதவி போனாலும் போவும். அதுகூட பரவால்ல. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லாம இருக்க முடியுமா? அவங்க மகன் படம். அவங்க கண்ணீரு. கேக்காம எடுத்துட்டுப் போயி மேடையில வைக்கறதா?"

"அப்ப மொதல்ல எங்க போவணும்னு ஒனக்கே தெரியுதே."

"தெரியுது. கால்தான் வர மாட்டேங்குது."

மறுநாள் முகாமின் ஸ்டோரில் கவிநேசனைப் பார்த்தாள். கால் சேர்ந்துவிட்டது, ஆனால் லேசாகச் சாய்ந்துதான் நடப்பான். அதனால் அவனைக் கணக்கர் மேசைக்கு மாற்றியிருந்தார்கள்.

"கவி, அந்தப் படம் நான் போட்டதுன்னு அம்மாகிட்ட நீ சொல்லலயா?"

அவன் பூட்ஸ் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தினான். "கேட்டுச்சு, எந்தப் பேப்பர்காரன்னு. தெரியாதுன்னுட்டேன்."

"ஏன்டா?"

"சொன்னா நீங்க வீட்டுக்கு வர்றது நின்னுடும்ல ஸ்டாஃப். அப்பா போனதுக்கப்புறம் அம்மா யாருக்கும் முறுக்கு சுட்டதே இல்ல. உங்களுக்குத்தான் சுடுது." பிறகு தலையைச் சொறிந்தான். "நீங்களே சொல்லுங்க. நான் அன்னிக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கிறேன். அது திட்டறதப் பக்கத்துல இருந்து கேக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பவானேஸ்வரி பாயா ரும்புட்டுக்குப் போனாள். போகிற வழியில் மாரியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திச் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்த வரமும் கேட்கத் தோன்றவில்லை. 'வாயைத் திறக்கும்போது பொய் வராமல் பார்த்துக்கொள் தாயே' என்று மட்டும் சொன்னாள்.

"வா வா, பசியாறிட்டியா? என்ன இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று இருசம்மாள் கதவைத் திறந்தார். அடுப்படியில் எண்ணெய் வாசம். மேசையில் முறுக்கு டின் தயாராக இருந்தது.

உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னாள். "அம்மா, அந்தப் படத்த எந்தப் பேப்பர்காரனும் போடல. நான்தான் போட்டேன். அது என் வேல. உங்களுக்குத் தகவல் வந்துச்சான்னு கேக்காம போட்டுட்டேன். அன்னிக்கு வண்டியில நீங்க திட்டுனது என்னத்தான்."

இருசம்மாள் அவளையே பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு ஒன் ரெண்டு கையையும் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டேனே. அத வாங்கிக்கிட்டியே."

"ஆமாம்மா."

"ஆறு மாசமா என் வீட்டுச் சோறு சாப்பிட்டியே."

"ஆமாம்மா."

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரு என்று அவளைச் சொல்லவில்லை.

"நீ என்ன நெனச்சே, புள்ளைக்கு அடிபட்டுடுச்சேன்னு அழுதேன்னா? அடியா இருந்தா நான் ஏன் அழப் போறேன்? மொகத்த மறைச்சிருந்தியே. பேப்பர்ல எந்தப் பொணத்தோட மொகத்தைத் தெரியற மாதிரி போடுறான்? ரோட்டுல விழுந்து செத்தவன், ஆத்துல மொதந்தவன், எல்லாருக்கும் மொகத்த அழிச்சுதான் போடுறான். நான் அந்தக் கைய பார்த்தேன். மேல மொகம் அழிஞ்சிருந்துச்சு. அவ்ளோதான். போயிட்டான்னு முடிவு பண்ணிட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட இது பவானேஸ்வரிக்குத் தோன்றியதில்லை. மறைப்பது மரியாதை என்றுதான் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவளும் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறாள்.

"அவன் போனுக்கு அடிச்சேன், போவல. பக்கத்துல யாரையும் கூப்புடல. வாசலக் கழுவி விட்டேன். ஜனங்க வருமே, ஒக்கார வேணாமா? பின்னாடி ஷெட்டுலேருந்து நாற்காலிய ஒண்ணொண்ணா தூக்கியாந்து போட்டேன். அவங்கப்பா செத்தப்ப வாங்குன நாற்காலி. பன்னெண்டு. ரெண்டு மணி நேரம் எம்மவன் செத்த வீட்ல நான் ஒருத்தியா ஒக்காந்திருந்தேன்." குரல் உடையவில்லை. அதுதான் கேட்கப் பொறுக்கவில்லை. "இன்னிக்கும் போன் அடிச்சா எனக்கு எடுக்க வராது. கவிக்குக்கூட இது தெரியாது."

கழுவின வாசலும் சிவப்பு நாற்காலிகளும் பவானேஸ்வரியின் கண்ணுக்குள் வந்து நின்றன. பூசை என்றல்லவா நினைத்தாள்! ஊருக்கெல்லாம் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்ன அந்தப் படம், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் செத்துப்போனான் என்று சொல்லியிருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். மலாக்கா முறையைச் சொன்னாள். "நீங்க வேணாம்னா நான் உங்களப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன். படத்தையும் எடுக்க மாட்டேன்."

இருசம்மாள் வாசல் பக்கம் கை காட்டினார்.

"சொல்லு. நாற்காலியையும் சொல்லு. பன்னெண்டுன்னு சொல்லு. சும்மா ஒரு அம்மா அழுதாங்கன்னு சொன்னா எவனுக்கும் ஒறைக்காது."

பவானேஸ்வரி எழுந்தாள். வாசல் வரை வந்து திரும்பிப் பார்த்தாள். டின் மேசையிலேயே இருந்தது. அந்த அம்மா அதை எடுக்கவில்லை. அவள் வெறுங்கையோடு மோட்டாரை எடுத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது.

"வருத்தம் தெரிவிச்சீங்க, அம்மாகிட்ட சொன்னீங்க. போதாதா?" என்றார். "அந்த லெப்டினன்ட்டை நான் தனியாக் கூப்பிட்டு நடைமுறையை மாத்தச் சொல்றேன். கூட்டத்துல எதுக்கு? கர்னல் இருப்பார்."

"ஒருத்தர்கிட்ட சொன்னா ஒருத்தருக்குத்தான் தெரியும் துவான். நாளைக்கு முப்பது முகாம் வருது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் தடுக்கலை" என்றார் கடைசியில். போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் முறை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் நாற்காலியில் சரிந்திருக்கும் நேரம். அவள் படத்தைத் திரையில் போட்டாள். எல்லாருக்கும் தெரிந்த படம். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

"ஒரு நிமிடம் பாருங்கள். வெளியிடும் முன் நீங்களாக இருந்தால் எதையெல்லாம் மறைப்பீர்கள்?" என்று கேட்டாள்.

முகம் என்றார்கள். பெயர்ப் பட்டை என்றார்கள். தோள் சின்னம், லாரி நம்பர். ஒருவர் தூரத்தில் தெரிந்த கடையின் பெயர்ப் பலகையைக்கூடச் சொன்னார்.

"எல்லாம் செய்தேன்" என்றாள். அடுத்து அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள். தொய்ந்து தொங்கும் மணிக்கட்டு, நனைந்த சிவப்புக் கயிறு, மிளகு அளவு வெள்ளி மணி.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறந்தவர் நம்பரைச் சொன்னாள், உதிர்ந்துபோன வரியைச் சொன்னாள். வண்டியில் தான் வாய் மூடி வந்ததையும் ஒளிக்கவில்லை. அழித்த முகத்துக்கு ஒரு தாய் என்ன பொருள் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னபோது, சரிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நாற்காலியைச் சொன்னாள். பன்னிரண்டு என்று சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த கர்னல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் படத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார்?"

பவானேஸ்வரி வாய் திறக்கும் முன் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மேஜர் ரோஸ்லான் எழுந்து நின்றார். "நான்தான், துவான். குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டதா என்று நானும் கேட்கவில்லை."

இரண்டே வாக்கியம். அவர் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. உலகத்தில் பெரிய தர்மங்களைச் செய்யப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு, சரியான நேரத்தில் எழுந்து நிற்பதைத்தான் கடவுள் விட்டு வைத்திருக்கிறார்.

கர்னல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது லெப்டினன்ட் ஹனிஸ் கையைத் தூக்கினார். முகம் வெளுத்திருந்தது.

"ஸ்டாஃப், ஆனால் ஐந்து பேர் செத்தார்கள் என்று வதந்தி ஓடும்போது நாங்கள் வாய் மூடி இருக்க முடியுமா? மற்ற நாலு குடும்பமும் அதைத்தானே பார்க்கும்?"

நியாயமான கேள்வி. "முழுப் பதில் எனக்குத் தெரியவில்லை, புவான். அதற்காகத்தான் இங்கே கொண்டு வந்தேன்" என்றாள் பவானேஸ்வரி.

அதன் பிறகு நடந்ததுதான் அவள் பார்த்த முதல் பகிர்வு. ஒருவர் சொன்னார்: எழுத்தைப் படத்துக்குக் கீழே எழுதாதே, படத்தின் மேலேயே எழுது, அப்போது உதிராது. சபாவிலிருந்து வந்த கோப்ரல் ஒருவர் சொன்னார்: முகத்தை அழிக்க வேண்டிய படமே எதற்கு, பின்னாலிருந்து எடு. இன்னொருவர் அதை மறுத்தார்: தூக்குகிறவர்களின் வீட்டிலும் அம்மா இருக்கிறாள், முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். படம் காத்திருக்கலாம், வெறும் செய்தியை உடனே போடலாம் என்றார் ஹனிஸ். வருடத்துக்கு ஒருமுறை வீட்டு நம்பரைச் சரிபார்க்க வேண்டும், அந்த வீட்டுப் பாஷை தெரிந்தவர்தான் பேச வேண்டும் என்று மேஜர் சொன்னார். இருபது நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. வெளியே வைத்திருந்த தேநீர் ஆறிப்போனது.

கை தட்டல் ஒன்றும் இல்லை. சிலர் அவளைக் கடக்கும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தவறை ஒப்புக்கொண்டவர் பக்கத்தில் நிற்க எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான்.

அக்டோபரில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. காரணம் அதுதானா வேறா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கணேசமூர்த்தி கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி பில்லு ஏறுது லா, வெளிய வந்து அழு" என்றான். வெளியே வந்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது.

அதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. கூட்டம் முடிந்த அன்றே இருசம்மாளுக்குப் போன் செய்திருந்தாள். எடுக்கவில்லை. 'சொல்லிட்டேன்மா, நாற்காலியையும் சொன்னேன்' என்று குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். கேட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மாதங்கள் ஓடின. கவிநேசனிடம் கேட்டால், "இருக்குது ஸ்டாஃப். ஒங்களப் பத்திப் பேசல. திட்டவும் இல்ல" என்பான். அவள் மறுபடி போன் அடிக்கவில்லை. போன் அடித்தால் எடுக்க வராது என்று சொன்னவரிடம் எத்தனை முறை அடிப்பது? கோயிலுக்குப் போகும்போது அந்த அம்மாவின் பெயருக்கும் ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

டிசம்பரில் மறுபடி மழை பிடித்தது. கிழக்குக் கரையில் வெள்ளம். ஒரு மாலை, அலுவலகத்தில் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. இருசம்மாள்.

ஒரு படம் வந்திருந்தது. கோயில் பெண்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த படம். வேறு ஏதோ முகாமின் ஆட்கள், கவிழ்ந்த படகு. படத்தில் ஒரு மனித உடம்புகூட இல்லை. சேறு படிந்த கரையில் ஆறு ஜோடி பூட்ஸ் கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. படத்தின் மேலேயே, யாராலும் பிரித்தெடுக்க முடியாதபடி, தடித்த எழுத்தில் மலாயில் எழுதியிருந்தது: ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் சொல்லிவிட்டோம்.

யார் எடுத்தார்கள், யார் எழுதினார்கள் என்று எதுவும் இல்லை. மலாக்கா என்ற பெயரும் இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. காதில் வைத்துக் கேட்டாள். முதலில் எண்ணெய் பொரியும் சத்தம். அப்புறம் அந்தக் குரல்.

"பவானி, இந்தப் படம் பார்த்தியா? நல்லா போட்டிருக்கான். இந்த ஆறு பேர்ல எவனோட அம்மாவும் இன்னிக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்க மாட்டா." கொஞ்ச நேரம் பொரிகிற சத்தம் மட்டும். "ஞாயித்துக்கெழம வா. போன் பண்ணாத, எனக்கு எடுக்க வராது. நேரா வா. டின்னு காலியாத்தான் கெடக்கு, இப்பதான் சுட ஆரம்பிச்சிருக்கேன்."